கேஸ் எங்கே போகிறது என்று தெரியாமல் ஏசியை மாற்றாதீர்கள்

கேள்வி: திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு அபார்ட்மென்ட்டின் மேல்மாடியில் குடியிருக்கிறோம். 2016-ல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, இன்வெர்ட்டர் இல்லாத 3 ஸ்டார், ஸ்டிக்கரில் கேஸ் ஆர்22 என்று போட்டிருக்கிறது. 78 வயதான என் மாமனார் படுக்கும் அறை அது. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தினமும் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடும். மூன்று வருடமாக ஒவ்வொரு கோடையிலும் கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்புகிறோம், ஒவ்வொரு முறையும் 3,000 ரூபாய். இந்த வருடம் வழக்கமாக வரும் மெக்கானிக் கூலிங் காயில் போய்விட்டது, மாற்ற 12,000 ஆகும் என்கிறார். சந்தேகப்பட்டு இன்னொருவரைக் கூப்பிட்டால், கம்ப்ரசரே வீக், இதற்கு இனிமேல் செலவு செய்யாதீர்கள், புதுசு வாங்குங்கள் என்கிறார். கோடையில் இரண்டு மாதத்துக்கு 650 யூனிட் ஓடுகிறது. ரிப்பேர் செய்யலாமா, மாற்றிவிடலாமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது அந்த 12,000 இல்லை, புதுசு வாங்கும் செலவும் இல்லை. மூன்று கோடையாக 9,000 ரூபாய் கேஸ் உங்கள் ஏசியிலிருந்து காற்றோடு போயிருக்கிறது, வந்தவர்களில் ஒருவர்கூட அது எந்த வழியாகப் போகிறது என்று தேடவில்லை. ஒருவர் காயில் என்கிறார், இன்னொருவர் கம்ப்ரசர் என்கிறார், ஆனால் என்ன சோதனை செய்து பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார்கள் என்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் இவ்வளவு தெளிவாக எழுதியவர், அவர்கள் ஏதாவது செய்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள்.

அதனால் என் பதில் இதுதான். கேஸ் நிரப்பச் சொல்லாதீர்கள். காயிலுக்கும் சரி சொல்லாதீர்கள், கடைக்கும் இன்றைக்கே போகாதீர்கள். முதலில் நைட்ரஜன் போட்டு ஒரு லீக் டெஸ்ட். அதன் முடிவு கையில் வந்த அன்றைக்கு உங்கள் கேள்விக்கு விடை பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். நீங்கள் சொன்ன ஊர், ஏசியின் வயது, கேஸ் மூன்றையும் வைத்துப் பார்த்தால் மாற்றுகிற பக்கம்தான் தராசு சாயும் என்று நினைக்கிறேன். ஆனால் அது என் ஊகம், ஊகத்தை நம்பி யாரும் நாற்பது ஐம்பதாயிரம் செலவழிக்கக் கூடாது.

ஒன்றை எல்லோருமே புரிந்துகொள்ள வேண்டும். ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற சமாச்சாரம் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது, உள்ளே இருக்கும் காயிலில், அதாவது மடித்து மடித்து வைத்த குழாயில், ஆவியாகி அறையின் சூட்டை எடுத்துக்கொண்டு, வெளியே போய் மறுபடி திரவமாகி அந்தச் சூட்டை விட்டுவிட்டு வருகிறது. வாங்கிய அன்றைக்கு இருந்த கேஸ் பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை. 'வருஷா வருஷம் கேஸ் டாப்-அப் பண்ணணும் சார்' என்று யாராவது சொன்னால் அவரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. அதில் இன்னொரு கெடுதலும் உண்டு. கேஸ் குறைவாக இருக்கும்போது கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் குளிர்ந்த ஆவி போதாமல் அது சூடாகவே ஓடும், ஆயிலும் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மூன்று கோடை இப்படி ஓடியிருந்தால், இரண்டாவது ஆள் சொன்ன கம்ப்ரசர் பழுது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. முதலில் இல்லாத பழுது இப்போது வந்திருக்கலாம்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன் நீங்களே பார்க்கக் கூடியவை சில இருக்கின்றன. ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள், ஏசியை 18 டிகிரியில் வைத்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்து, இண்டோர் யூனிட்டின் மேல்பக்கம் காற்று உள்ளே போகிற இடத்தில் ஒரு முறை, கீழே காற்று வெளியே வருகிற இடத்தில் ஒரு முறை பாருங்கள். நல்ல ஏசியில் இரண்டுக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கும். மேலே 29, கீழே 17 என்றால் ஏசியில் பெரிய கோளாறு இல்லை, மொட்டைமாடி வெயில் கூரை வழியாக இறங்குவதுதான் உங்கள் பிரச்சினை. மேலே 29, கீழே 24 என்றால் கோளாறு ஏசியில்தான்.

அடுத்து, பால்கனியில் பாதுகாப்பாக நின்று பார்க்க முடிந்தால் மட்டும், அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் செம்புக்குழாய்கள் இரண்டு வந்து சேரும் வால்வுகளைப் பாருங்கள். ஒன்று மெல்லிசு, ஒன்று தடிமன். மெல்லிய குழாயில், நட்டுக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று பனி படிந்திருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. தடித்த குழாயில் பனி ஏறியிருந்தால் பெரும்பாலும் உள்ளே காற்றோட்டம் குறைவு, அதாவது ஃபில்டரோ காயிலோ புளோயரோ அழுக்கு. இரண்டாவது வகைக்கு தண்ணீர் அடித்துக் கழுவுகிற ஒரு நல்ல வெட் சர்வீஸ் போதும், சில நூறு ரூபாய் வேலை. நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் கருப்பாகத் தூசியும் ஒட்டியிருந்தால் அதை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் கசியும், அதனால் அந்தப் பிசுக்கு நல்ல தடயம்.

இனி லீக் டெஸ்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டெஸ்ட் செய்தேன் என்று சொல்லிவிட்டு சோப்பு நுரையை இரண்டு நட்டில் மட்டும் தடவிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். முறைப்படி செய்தால் இப்படி இருக்கும். மிச்சமிருக்கும் கேஸை பம்ப்-டவுன் செய்து அவுட்டோர் யூனிட்டுக்குள் ஒதுக்கி இரண்டு வால்வையும் மூடுவார். அப்புறம் சர்வீஸ் போர்ட் வழியாக, குழாயும் இண்டோர் காயிலும் சேர்ந்த பகுதிக்குள் நைட்ரஜனை ஏற்றுவார், ஆர்22 மெஷினுக்கு 250 பிஎஸ்ஐ அழுத்தம் அளவுக்கு. அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மீட்டரைக் கழற்றாமல் மாட்டியபடியே விட்டுவிட்டு எல்லா ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை போட்டுப் பார்ப்பார். நுரையில் குமிழ் வந்தால் அங்கேயே வேலை முடிந்தது. வரவில்லை என்றால் கேஜ் முள் நிற்கும் இடத்தை நீங்கள் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். காலையில் நாலைந்து பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் அது ராத்திரிக் குளிர்ச்சியால்கூட இருக்கலாம், கவலை வேண்டாம். முப்பது நாற்பது இறங்கியிருந்தால் இந்தப் பக்கம் ஓட்டை இருக்கிறது. அப்போது இண்டோர் யூனிட்டைக் கழற்றி, காயிலை மட்டும் தனியாக அடைத்து, நைட்ரஜனோடு தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தால் காயிலா குழாயா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். அவுட்டோர் பக்கத்தையும் இதே மாதிரி தனியாகச் சோதிக்கலாம். உங்கள் வீட்டில் அதை விட்டுவிடக் கூடாது.

நைட்ரஜனுக்குப் பதிலாக வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அழுத்தத்தில் ஆக்சிஜனும் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். இதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம், ஆளை வெளியே அனுப்பிவிடுங்கள்.

இந்த டெஸ்ட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் கேட்பார்கள். கொடுங்கள். மூன்று வருடம் கேஸுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை, அதோடு இதில் உங்களுக்கு ஒரு பதில் கிடைக்கிறது.

கம்ப்ரசர் வீக் என்று சொன்னவரைப் பற்றி. அதையும் வாய்வார்த்தையாக விட வேண்டியதில்லை, கேஜும், கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இருந்தால் காட்டச் சொல்லலாம். ஆர்22 மெஷின் நன்றாக ஓடும்போது கம்ப்ரசர் கேஸை உள்ளே இழுக்கிற சக்ஷன் பக்கத்தின் பிரஷர் 60-70 பிஎஸ்ஐ அளவில் இருக்கும், வெளியே தள்ளுகிற டிஸ்சார்ஜ் பக்கம் அதைவிடப் பல மடங்கு. கேஸ் குறைந்திருந்தால் இரண்டுமே இறங்கும். கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து பம்ப் செய்ய முடியாமல் போனால் சக்ஷன் 90, 100 என்று ஏறி நிற்கும், டிஸ்சார்ஜ் ஏற மறுக்கும். அதாவது இரண்டு பழுதுக்கும் கேஜ் எதிரெதிராகக் காட்டும். ஆனால் கரண்ட் இழுப்பது இரண்டிலுமே குறையும், ஒன்றரை டன்னுக்கு ஏழெட்டு ஆம்பியர் இழுக்க வேண்டியது ஐந்து, ஐந்தரை என்று நிற்கும். அதனால் கிளாம்ப் மீட்டரை மட்டும் காட்டி 'ஆம்ப்ஸ் இல்ல சார், கம்ப்ரசர் போச்சு' என்றால் நம்பாதீர்கள். கேஸ் பாதி இல்லாத மெஷினில் கம்ப்ரசரை எடைபோடவே முடியாது. உங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

சரி, டெஸ்ட் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

குழாய் நுனியை விரித்து இறுக்குகிற ஃப்ளேர் நட்டிலோ குழாயிலோ ஓட்டை இருந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். புதிதாக ஃப்ளேர் அடித்து நட்டை மாற்றி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப்பால் உறிஞ்சி வேக்குவம் போட்டு, ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் அளவுக்குத் தராசு வைத்துக் கேஸ் ஏற்றினால் நான்கைந்தாயிரத்துக்குள் முடியும். இன்னும் இரண்டு கோடை ஓட்டுங்கள்.

இண்டோர் காயிலில், அதாவது முதல் மெக்கானிக் கூலிங் காயில் என்றதில், ஓட்டை என்றால் அவர் சொன்னது சரி. அப்படியும் அவர் சொன்ன 12,000-க்கு உடனே தலையாட்டாதீர்கள். காயிலோடு கேஸ், கூலி எல்லாம் சேர்ந்த தொகையா, தனியா என்று கேளுங்கள். தனி என்றால் கடைசியில் பதினாறாயிரம் வரை போகும். அதைவிட முக்கியம், அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளைப் பாருங்கள். கடலோரத்தில் பத்து வருடம் நின்ற யூனிட்டில் அலுமினியத் தகடுகள் உப்புக்காற்றில் அரித்து, விரல் பட்டாலே பொரித்த அப்பளம் போல நொறுங்கி உதிரும். திருவான்மியூர், பெசன்ட் நகர், கொட்டிவாக்கம் பக்கம் இது சாதாரணமாகப் பார்க்கிற காட்சி. தகடு உதிர்ந்துவிட்டால் செம்புக்குழாயிலிருந்து சூடு வெளியே போக வழியில்லை. நீங்கள் உள்ளே புதுக் காயில் போட்டாலும் வெளியே அந்த மெஷின் திணறிக்கொண்டேதான் ஓடும், அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ அந்தக் காயிலும் ஓட்டையாகும். வீட்டுக்குப் பக்கத்தில் சாக்கடையோ கழிவுநீர்க் கால்வாயோ இருந்தால் இன்னும் மோசம், அங்கிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையே கருக்கி அரிக்கும். அதனால் உங்கள் விஷயத்தில் முடிவைச் சொல்லப்போவது அந்தத் தகடும் குழாயும் சேர்ந்த அவுட்டோர் காயில்தான். அது நன்றாக இருந்தால் உள் காயிலை மாற்றி ஓட்டலாம் என்று நானே சொல்வேன். அது உதிர்ந்திருந்தால் பதினாறாயிரத்தைப் போடாதீர்கள்.

முறைப்படி கேஸ் முழுசாக இருக்கும்போது கம்ப்ரசரும் தேய்ந்திருப்பது தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்றிவிடுங்கள்.

இதில் ஆர்22 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓசோன் படலத்தைக் கெடுக்கிற கேஸ் என்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி இந்தியா 2030-க்குள் இதை அநேகமாக முழுவதுமாகக் கைவிட வேண்டும். இப்போதும் கிடைக்கிறது, ஆனால் வருடத்துக்கு வருடம் வரத்து குறையும், விலை ஏறும், கலப்படமும் வரும். விலை குறைவாக இருக்கிறதே என்று ஆர்22 மெஷினில் சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த ஆர்290-ஐ ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேஸுக்கென்றே வடிவமைத்த ஏசிகள் சந்தையில் உண்டு, அவற்றில் அது பாதுகாப்பு. உங்கள் மெஷின் அதற்குச் செய்யப்பட்டதில்லை, ஓட்டையும் இருக்கிறது, வயதானவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற அறை. எந்தச் சிலிண்டர் என்று பெயரைப் படித்துவிட்டுத்தான் ஏற்ற விட வேண்டும்.

இனி கரண்ட் கணக்கு, ஏனென்றால் கடையில் உங்களிடம் முதலில் பேசப்போவது இதைத்தான். புது ஏசி வாங்கினால் பில்லில் மிச்சமாகிற காசிலேயே ஏசி விலை வந்துவிடும் என்பார்கள். உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பழைய மெஷினை எடுத்துக்கொள்வோம். நல்ல நிலையில் இருந்தால் அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். இப்போது கேஸ் இல்லாததால் அறை குளிரவே மாட்டேன் என்கிறது, கம்ப்ரசர் விடியும் வரை நிற்காமல் ஓடுகிறது, அதைவிட ராத்திரிக்கு இரண்டரை யூனிட்டாவது கூடும். புது 5 ஸ்டார் இன்வெர்ட்டர் அதே அறையில், சரிசெய்த பழசைவிட ராத்திரிக்கு மூன்று யூனிட் குறைவாக முடிக்கும். அறைக்கு அறை கொஞ்சம் மாறும், இருந்தாலும் கணக்குப் போட இது போதும்.

அப்படியானால் உங்கள் 650 யூனிட், பழைய ஏசியைச் சரிசெய்தாலே 500-க்குப் பக்கத்தில் இறங்கும். புதுசு போட்டால் 320 அளவுக்கு இறங்கும். தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் 500 என்பது பெரிய கோடு. அதைத் தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் எட்டு ரூபாய்க்கு மேல், கூடவே 101-லிருந்து 200 வரைக்கும் கிடைக்கிற குறைந்த கட்டணமும் போய்விடும். அதனால் ஓட்டையை அடைத்து 500-க்குக் கீழே வந்தாலே ஒரு பில்லுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவுக்கு மிச்சம். அதற்கு அப்புறம் பழசுக்கும் புதுசுக்கும் இருக்கிற வித்தியாசம் ஒரு பில்லுக்கு ஆயிரம் ரூபாய்தான், வருடத்தில் நான்கு பில் என்றால் நாலாயிரம். புது 5 ஸ்டார் மாட்டி முடிக்க ஐம்பதாயிரத்தை நெருங்கும். நாலாயிரம் நாலாயிரமாக அது திரும்பி வர எத்தனை வருடம் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கடலோரத்தில் ஒரு ஏசியின் ஆயுளே அவ்வளவுதான். ஆகவே பில் மிச்சத்துக்காக மட்டும் நன்றாக ஓடுகிற ஏசியைத் தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் மாற்றினால், பழசில் போடும் பணம் ஒரு கோடைகூட நிற்காது என்பதற்காக மாற்றுங்கள். பில் குறைவது கூடுதல் லாபம். பகலும் ராத்திரியும் ஏசி ஓடுகிற வீடாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும், அவர்களுக்கு மாற்றுவதே லாபம்.

இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஐந்து வருடத்துக்குட்பட்ட ஏசி என்றால் பெரும்பாலும் ரிப்பேர்தான் சரி, முதலில் வாரண்டி கார்டைத் தேடி எடுங்கள். கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று போட்டிருந்தாலும் கேஸும் கூலியும் அதில் சேராமல் இருக்கலாம், காயிலுக்கும் எலெக்ட்ரானிக் போர்டான பிசிபிக்கும் தனித்தனிக் கெடு இருக்கும். அவுட்டோர் ஃபேன் சுற்றவில்லை, கம்ப்ரசர் 'உம்ம்' என்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் முதலில் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெபாசிட்டரை அளக்கச் சொல்லுங்கள், சில நூறு ரூபாய் சாமான், அது போனதையே கம்ப்ரசர் போனதாகச் சொல்லி ஏசியையே மாற்றவைத்த வீடுகள் உண்டு. இன்வெர்ட்டர் ஏசியில் பிசிபி போனால் கம்பெனிச் சாமான் பத்தாயிரத்தைத் தாண்டலாம். அவுட்டோர் பிசிபியில் பல்லி புகுந்து ஷார்ட் ஆவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது, கார்டு லெவலில் சரிசெய்கிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டிவிட்டு அப்புறம் புதுசு வாங்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றுவது என்று முடிவானால், மாமனார் இருக்கிற அறை, ஆடித் தள்ளுபடி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏசி மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, அந்த வகையில் முன்பைவிட நிலைமை பரவாயில்லை. பத்து நாள் தள்ளிப்போனால் அந்தப் பத்து நாளும் அவர் வேறு அறையில் படுக்கட்டும். வயதானவர்களுக்கு உடம்புச் சூடு ஏறுவது சட்டென்று தெரியாது, ஏசி ஓடுகிறதே என்று குளிராத அறையில் கதவைச் சாத்திப் படுக்கவைப்பது ஜன்னல் திறந்த அறையைவிட மோசம்.

வாங்கும்போது ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். அந்த மஞ்சள் லேபிளில் ஏசி எவ்வளவு சிக்கனம் என்று காட்டும் ஐஎஸ்இஇஆர் என்று ஒரு எண்ணும், 1,600 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்பதும் இருக்கும். உங்கள் ஏசி வருடத்துக்கு 1,960 மணி நேரம் ஓடுகிறது, லேபிளில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்டார் அளவுகோலை 2022 ஜூலையில் இறுக்கினார்கள், 2026 ஜனவரியிலும் இறுக்கியிருக்கிறார்கள். பழைய ஸ்டாக்கில் இருக்கும் 5 ஸ்டாரும் புது 5 ஸ்டாரும் ஒன்றில்லை, லேபிளில் எந்த வருடத்துக்கானது என்று பார்த்து வாங்குங்கள். பழைய ஸ்டாக்கை நல்ல விலைக்குத் தந்தால் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

ஸ்டாரைவிட உங்களுக்கு முக்கியம் காயில். இண்டோர், அவுட்டோர் இரண்டிலும் செம்புக் காயில், மேலே அரிப்புத் தடுப்புப் பூச்சு, இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். சில மாடல்களில் அவுட்டோரில் மட்டும் அலுமினியம் இருக்கும், விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், ஓட்டை விழுந்தால் அதை அடைக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். மாட்டியபின் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவுட்டோர் யூனிட்டை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால், அழுத்தம் அதிகமில்லாமல், தகடுகளில் படிந்த உப்பைக் கழுவிவிடச் சொல்லுங்கள். உப்புத்தண்ணீர் போர்வெல்லாக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

மேல்மாடி என்பதால் ஒன்றரை டன்னையே வைத்துக்கொள்ளுங்கள், அறை சின்னதாக இருந்தாலும் ஒரு டன்னுக்கு இறங்க வேண்டாம். முடிந்தால், அசோசியேஷனில் பேசி, அந்த அறைக்கு மேலே இருக்கும் மொட்டைமாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கப் பாருங்கள். எந்த ஏசி போட்டாலும் அதன் சுமை குறையும்.

எக்ஸ்சேஞ்சில் பழைய ஏசிக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, பழைய சாமான் எடுப்பவரிடமும் ஒரு விலை கேளுங்கள். செம்புக் காயிலும் கம்ப்ரசரும் முழுசாக இருந்தால் சில சமயம் அங்கே அதிகம் கிடைக்கும். யாரிடம் கொடுத்தாலும், கழற்றும்போது மிச்சக் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் பம்ப்-டவுன் செய்து கழற்றச் சொல்லுங்கள்.

மாட்டுகிற அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருங்கள். 'பழைய குழாயே நல்லா இருக்கு, அதையே போட்டுடலாம்' என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்22 ஓடிய குழாயில் படிந்த ஆயில் வேறு, புது ஆர்32 மெஷினின் ஆயில் வேறு, அழுத்தமும் அதிகம். புதுச் செம்புக்குழாய், புது நட். கம்பெனி தருகிற மூன்று மீட்டருக்கு மேல் ஆனால் மீட்டர் கணக்கில் வாங்குவார்கள், முன்கூட்டியே விலை கேட்டு வையுங்கள். ஏசிக்கென்று தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், 20 ஆம்ப் எம்சிபி, சரியான எர்த். இது நான்கும் இல்லாத பிளக்கில் மாட்ட விடாதீர்கள். கடைசியாக, வால்வைத் திறப்பதற்கு முன் வேக்குவம் பம்ப் போட்டுக் குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் ஓட வேண்டும். நிறையப் பேர் பம்ப்பை வண்டியிலிருந்து இறக்குவதே இல்லை, மெஷினில் இருக்கிற கேஸையே கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் காற்றை வெளியேற்றியதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளே தங்கிய ஈரம் இரண்டு மூன்று வருடத்தில் கம்ப்ரசரைத் தின்றுவிடும். பம்ப் ஓடி, கேஜ் முள் கீழே இறங்கிப் பத்து நிமிடம் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகு இன்ஸ்டலேஷன் பணத்தைக் கொடுங்கள்.